‘பெரிய’ என்னும் சொல்லும் அதன் சுற்றமும்

மத்திய மலைநாட்டின் தேயிலைச் சரிவுகள் மேற்கு நோக்கித் தாழ்ந்து இறங்கும் இடத்தில் பொல்பிட்டிய என்னும் ஊர் உள்ளது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் வழியே வரும் கெஹெல்கமு ஓயாவும், மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் வழியே வரும் மஸ்கெலி ஓயாவும் இப்பகுதியிலே கலந்து, களனி கங்கை என்னும் ஒரே பெயரைப் பெறுகின்றன. 1969ஆம் ஆண்டு முதல் இங்குள்ள மின்னிலையம் மலைநீரின் வலிமையை ஒளியாக மாற்றி நாட்டுக்கு வழங்கி வருகின்றது.

ஊரின் பெயரைத் தமிழ்ச் செவியோடு மட்டும் கேட்பவர் ஒருவர், ‘பொல்’ என்றவுடன் பொல்லாங்கு, பொல்லாதவன் முதலிய சொற்களை நினைத்தல் கூடும். அந்நினைவு பிழையானது. சிங்களத்தில் ‘பொல்’ என்பது தேங்காயைக் குறிக்கும். ‘பிட்டிய’ என்பது திறந்த வெளி நிலத்தைக் குறிக்கும். தென்னை நின்ற வெளி என்பதே ஊர்ப்பெயரின் பொருள். பொல்லாங்குக்கும் அவ்வூருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒலியொப்புமை ஒன்றையே நம்பி உறவு கொண்டாடுதல் எத்துணை ஏமாற்றத்தைத் தரும் என்பதற்கு இவ்வூர்ப்பெயரே முதற் சான்றாகும். இவ்வெச்சரிக்கையை மனத்திற் கொண்டு, இம்மலைகளில் நாள்தோறும் வழங்கும் எளிய சொல் ஒன்றின் வரலாற்றை ஆராய்தல் பயனுடையது. ‘பெரிய’ என்பதே அச்சொல்.

மலைநாட்டுத் தோட்டங்களின் வாழ்க்கையில் இச்சொல்லுக்குத் தனியிடம் உண்டு. தோட்டத்தை ஆளும் அதிகாரி ‘பெரிய துரை’. அவருக்குத் துணையானவர் ‘சின்னத் துரை’. ஆட்களைத் திரட்டிக் கடல் கடந்து அழைத்து வந்த தலைவர் ‘பெரிய கங்காணி’. ஆனால் லயத்துக்குள் நுழைந்தால் அதே சொல் வேறு முகம் காட்டுகிறது. தந்தையின் தமையன் பெரியப்பா. தாயின் தமக்கை பெரியம்மா. வயது முதிர்ந்து வழி சொல்பவர் பெரியவர். மலையிலே அதிகாரத்தைச் சுட்டிய சொல், வீட்டிலே வயதையும் அன்பையும் சுட்டியது. எழுத்து வழக்கிலும் இச்சொல் விலகியதில்லை. ‘பெருந்தோட்டம்’ என்றே இத்துறைக்கு இன்று பெயர் வழங்குகின்றோம்.

‘துரை’ என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். அது ஆங்கிலேயர் கொணர்ந்த சொல் அன்று. தலைவன் என்னும் பொருளில் தெலுங்கில் ‘தொர’ என்றும், கன்னடத்தில் ‘தொரெ’ என்றும் வழங்குவது தமிழில் ‘துரை’ ஆயிற்று. ஆகவே ‘பெரிய துரை’ என்ற இரு சொற்களில், ஒன்று தமிழின் பழஞ்சொத்து. மற்றொன்று அண்டை வீட்டிலிருந்து வந்தது. அழைக்கப்பட்ட மனிதரோ பெரும்பாலும் பல்லாயிரம் கல் தொலைவிலிருந்து வந்தவர். ஒரு விளியில் இத்தனை வரலாறு அடங்கியிருக்கின்றது.

இனி, ‘பெரிய’ என்பதன் உருவத்தை நோக்குவோம். அதன் அடி ‘பெரு’ என்பதாகும். மெய்யெழுத்து முதலாகிய சொற்களின்முன் அது பெருங்கடல், பெருமழை, பெருந்தோட்டம் என நிற்கும். உயிரெழுத்து முதலாகிய சொற்களின்முன் முதலெழுத்து நீண்டு பேரூர், பேராசை, பேரொளி என வரும். இதனையே நன்னூலார் ‘ஆதி நீடல்’ என்பர். பெருகு, பெருக்கு, பெருமை, பெருமாள் என்பனவெல்லாம் இவ்வடியிற் பிறந்தவை. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை என இரு நூல்கள் உள்ளன. அவற்றின் பெயர்களில் எதிர் எதிராக நிற்கும் ‘பெரு’, ‘சிறு’ என்னும் அடிகளே, பெரிய துரை, சின்னத் துரை என்னும் வழக்கிலும் ஏறத்தாழ அவ்வாறே எதிர் நிற்கின்றன. இரண்டாயிரம் ஆண்டளவில் பழமை வாய்ந்த ஓர் இணை, தேயிலைக் காட்டிலும் உயிரோடு உலவியது.

ஒரு சொல்லின் உண்மையான உறவினரைக் காண்பதற்கு முன்னர், போலி உறவினரை விலக்குதல் நன்று. பெற்றோர் என்பது ‘பெரு’ என்பதிலிருந்து வந்ததன்று. அது ‘பெறு’ என்னும் வினையிலிருந்து வந்தது. இடையின ரகரமும் வல்லின றகரமும் இன்றைய பேச்சில் பலராலும் ஒன்றாக ஒலிக்கப்படினும், பழந்தமிழில் அவை வேறு வேறு. பேரன் என்பதும் பெரியவன் அல்லன்; பாட்டனின் பெயரைத் தாங்கியவனாதலின் ‘பெயரன்’ எனப்பட்டுப் பின் ‘பேரன்’ ஆனான். தோட்டங்களில் விடியற்காலையில் ஆட்களை அணிவகுத்து நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்தைப் ‘பெரட்டுக் களம்’ என்பர். அதுவும் பெருங்களம் அன்று. படைவீரரின் அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே மலைநாட்டு நாவில் அவ்வாறு உருமாறியது. ஒரே தோட்டத்தில், ஒரே நாளில், ஒருவர் வாயில் வழங்கும் பெரியவர், பேரன், பெரட்டு என்னும் மூன்றும் ஒலியால் நெருங்கியவை. பிறப்பால் மூன்றும் வெவ்வேறு.

அவ்வாறாயின் உண்மை உறவினர் யாவர்? அவர்களைத் தேடத் தமிழகத்தின் வரைபடத்தையும் அதன் அண்டை நாடுகளின் வரைபடத்தையும் விரித்தல் போதும். தமிழகத்தில் பெரியகுளம் உண்டு. இலங்கையின் கீழைக்கரையில் பெரியநீலாவணை, பெரியகல்லாறு என்னும் ஊர்கள் உண்டு. கேரளத்தில் பெரியாறு ஓடுகின்றது. தெலுங்கு நாட்டில் பெத்தாபுரம், பெத்தபள்ளி என்னும் ஊர்கள் உள்ளன. தெலுங்கர் பெரியதைப் ‘பெத்த’ என்பர். பெரியோரைப் ‘பெத்தலு’ என்பர். வளர்தலைப் ‘பெருகு’ என்பர். கருநாடகத்திலோ ‘ஹிரியூர்’ என்னும் ஊர் உண்டு. அங்கே முதியோர் ‘ஹிரியரு’ எனப்படுவர்.

பெரியர், ஹிரியரு என்னும் இரண்டும் ஒரே சொல் என்று கூறுவது வியப்பைத் தரலாம். முதலெழுத்தே வேறன்றோ? இங்கேதான் மொழிநூலின் திறம் வெளிப்படுகின்றது. கன்னடத்தில் பழங்காலத்தில் பகரத்தை முதலாகக் கொண்டிருந்த சொற்கள் இடைக்காலத்திலே படிப்படியாக ஹகரத்தை முதலாகக் கொண்டன. ஆகையால் தமிழில் பால் என்பது கன்னடத்தில் ஹாலு. பத்து என்பது ஹத்து. புலி என்பது ஹுலி. பல் என்பது ஹல்லு. பூ என்பது ஹூ. பெண் என்பது ஹெண்ணு. பழங்கன்னடத்தில் ‘பிரிய’ என இருந்த சொல் இம்முறைப்படியே ‘ஹிரிய’ ஆயிற்று. பெருமை அங்கே ‘ஹெம்மெ’. பெருவிரல் அங்கே ‘ஹெப்பெரளு’. ஒரு சொல்லில் மட்டும் பகரம் ஹகரமாயிருப்பின் அது தற்செயல் எனத் தள்ளலாம். பாலிலும் புலியிலும் பூவிலும் பெண்ணிலும் அம்மாற்றம் ஒரே ஒழுங்கில் நிகழ்ந்திருப்பின், அது விதி. உறவை நிறுவுவது விதியே, தோற்றம் அன்று.

‘பெரிய’ என்பதன் எதிர்ச்சொல்லும் இதே பாடத்தைக் கற்பிக்கின்றது. தமிழில் சிறிய என்பது கன்னடத்தில் ‘கிரிய’ எனப்படும். செவி அங்கே ‘கிவி’. செம்மை நிறம் அங்கே ‘கெம்பு’. இவற்றுள் கன்னடமே பழைய ககரத்தைக் காத்தது. தமிழ் அதனைச் சகரமாக மாற்றியது. இகரமும் எகரமும் ஒலிக்கும்போது நா முன்னண்ணத்தை நோக்கி எழுவதால், அவற்றுக்கு முன் நின்ற ககரம் இழுபட்டுச் சகரமாயிற்று. ஆகவே ‘ஹிரிய, கிரிய’ என்னும் கன்னட இணையும், ‘பெரிய, சிறிய’ என்னும் தமிழ் இணையும் கேட்பதற்கு மிகவும் வேறுபட்டன. ஆயினும் ஒரு தாயின் மக்கள். ஒன்றில் தமிழ் பழமையைக் காத்தது. மற்றொன்றில் கன்னடம் காத்தது. எம்மொழியும் முற்றிலும் மாறாததன்று; எம்மொழியும் முற்றிலும் கெட்டதும் அன்று.

இவ்வுண்மைகள் ஒரே நாளில் வெளிப்பட்டவை அல்ல. சென்னையில் பணியாற்றிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1816ஆம் ஆண்டில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் ஓரினமானவை என்பதைச் சான்று காட்டி எழுதினார். பின்னர், திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த இராபர்ட் கால்டுவெல் 1856ஆம் ஆண்டில் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, திராவிட மொழிக்குடும்பத்தை உலகறியச் செய்தார். 1961ஆம் ஆண்டில் பர்ரோ, எமனோ என்னும் இரு பேரறிஞர் திராவிடச் சொற்பிறப்பு அகராதியைத் தொகுத்தளித்தனர். 1984ஆம் ஆண்டில் அதன் திருத்திய பதிப்பும் வந்தது. எல்லிஸ் எழுதிய காலத்தை அடுத்து இலங்கையில் காப்பித் தோட்டங்கள் தோன்றலாயின. கால்டுவெல்லின் நூல் வெளிவந்த காலத்தில் தமிழகத்திலிருந்து ஆட்கள் மலைநாட்டுக்குத் திரளாக வந்துகொண்டிருந்தனர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்காத்லாந்தியர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869ஆம் ஆண்டில் காப்பி இலைநோய் கண்டது. அதன்பின் காப்பி அழிந்து தேயிலை மலைகளை மூடிற்று.

இம்மலைகளில் வழங்கும் மற்றொரு ‘பெரிய’ சொல்லும் உண்டு. அது சிங்களத்தின் ‘மஹா’. ஹட்டன் பகுதியின் மலைமுகட்டில் விழும் மழைநீர் ஒருபுறம் களனியை நோக்கி ஓடுகின்றது. மறுபுறம் மகாவலியை நோக்கி ஓடுகின்றது. மகாவலி என்பதற்குப் பெருமணல் ஆறு என்பது பொருள். சிங்களம் வட இந்திய மொழிகளின் இனத்தைச் சேர்ந்தது. ஆதலின் அதன் ‘மஹா’ வடமொழியின் ‘மஹத்’ என்பதோடு உறவுடையது. அவ்வுறவு இந்தியாவோடு நின்றுவிடவில்லை. கிரேக்கர் பெரியவனை ‘மெகாஸ்’ என்றனர். இலத்தீனர் ‘மாக்னுஸ்’ என்றனர். வடகடலின் நடுவே பனியும் எரிமலையும் சூழ்ந்த ஐஸ்லாந்தில் வாழ்வோர் ‘மிகில்’ என எழுதி, ஈற்றிலே சிறிது டகரம் கலந்து ஒலிக்கின்றனர். அவர்களுக்கும் நோர்வேக்கும் இடையிலுள்ள ஃபாரோ தீவுகளின் மக்கள் அதே சொல்லை ஏறத்தாழ ‘மீச்சில்’ என ஒலிக்கின்றனர்.

இவை ஓரினம் என்பதற்கும் விதியே சான்று. வடமொழியில் ஹகரம் நிற்குமிடத்தில், கிரேக்கத்தில் ‘பகவன்’ என்னும் சொல்லிற் கேட்கும் மெல்லிய ககரமும், பழைய ஐஸ்லாந்தியத்தில் ‘பக்கம்’ என்பதிற் கேட்கும் வன்மையான ககரமும் நிற்கின்றன. ‘மஹா, மெகாஸ், மிகில்’ என்பது ஒரு வரிசை. நான் என்னும் பொருளில் வடமொழி ‘அஹம்’, கிரேக்கம் ‘எகோ’, பழைய ஐஸ்லாந்தியம் ‘எக்’ என்பது மற்றொரு வரிசை. மூன்று மொழிகளிலும் மூன்று ஒலிகளும் அதே முறையில் எதிர்நிற்றல் காண்க. ஃபாரோத் தீவினர் இகரத்தின்முன் ககரத்தைச் சகரமாக்கினர். தமிழர் ‘கிறு’ என்பதைச் ‘சிறு’ ஆக்கியதும் இவ்வகை மாற்றமே. ஒருவரை ஒருவர் அறியாத இரு மக்கள், மனித நாவின் இயல்பினால் ஒரே வழியிற் சென்றனர்.

இவ்வொழுங்குகளைத் தெளிவாகக் கண்ட முன்னோடிகளுள் ஒருவர் தென்மார்க்கு நாட்டவராகிய ராஸ்மஸ் ராஸ்க் ஆவார். அவர் 1813 முதல் 1815 வரை ஐஸ்லாந்தில் தங்கி அம்மொழியைக் கற்றார். 1818ஆம் ஆண்டில் அதன் தோற்றத்தைப் பற்றிய ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். செருமானியராகிய யாக்கோப் கிரிம் 1822ஆம் ஆண்டில் அவ்விதிகளை விரித்து வகுத்தார். ஐஸ்லாந்து மொழியை ஆராய்ந்த இதே ராஸ்க், உருசியா, பாரசீகம் வழியாக இந்தியாவை அடைந்து, 1821ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்தார் என்பது பலரும் அறியாத செய்தி. கொழும்பில் தங்கிப் பாளியும் சிங்களமும் கற்றார். சிங்கள எழுத்துமுறையைப் பற்றித் தென்மார்க்கு மொழியில் ஒரு சிறுநூலையும் அங்கே வெளியிட்டார். ஏட்டுச் சுவடிகள் பலவற்றோடு 1823ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகருக்குத் திரும்பினார். தமிழ் முதலிய மொழிகளைச் ‘சிதியம்’ எனப் பெயரிட்ட வேறோர் இனத்தோடு சேர்த்து எண்ணலாம் என முதலிற் கருதியவர் அவரே எனக் கால்டுவெல் குறித்துள்ளார். அவ்விணைப்பைப் பிற்கால ஆராய்ச்சி ஏற்கவில்லை. ஆயினும் ‘மிகில்’ என்னும் சொல்லின் நாட்டையும், ‘மஹா’ என்னும் சொல்லின் நாட்டையும் தம் கால்களாலேயே அளந்த அறிஞர் அவர்.

இனி ஒரு வேடிக்கை. ஸ்காத்லாந்தின் நாட்டுப்புற வழக்கில் பெரியதை ‘மக்கிள்’ என்பர். அது ‘மிகில்’ என்பதன் நெருங்கிய இனம். ஆங்கிலத்தில் மிகுதியைக் குறிக்கும் ‘மச்’ என்பதும் அதன் இனமே. மலைநாட்டின் தோட்டத் துரைமாருட் பலர் ஸ்காத்லாந்திலிருந்து வந்தவர். ஆகவே, கிராமத்துச் சிங்களவர் வாயில் வழங்கிய ‘மஹா’வும், துரை தம் தாயிடம் கற்ற ‘மக்கிள்’ என்பதும் உடன்பிறந்தவை. லயத்தில் வழங்கிய ‘பெரிய’ அவற்றுக்கு உறவன்று. அதன் உறவினர் பெரியாற்றங்கரையிலும் ஹிரியூரிலும் பெத்தாபுரத்திலும் இருந்தனர். ஒரே மலையில் மூன்று ‘பெரிய’ சொற்கள் வழங்கின. தம்மை உயர்ந்தவர் என எண்ணிய துரைமாருள் எத்தனை பேர், தம் சொல்லும் பக்கத்துக் கிராமத்தவரின் சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதைச் சிந்தித்திருப்பர்?

இந்நிலையில் கூர்மையான நேயர் ஒருவர் இடைமறித்து வினவலாம்: “ஐஸ்லாந்தியர் ‘மிகில்’ என்கின்றனர். தமிழில் ‘மிக’, ‘மிகு’, ‘மிகை’ என்கின்றோம். தெலுங்கில் ‘மிக்கிலி’ என்றால் மிகவும் என்பது பொருள். கன்னடத்தில் ‘மிகிலு’ என்றால் மேலானது என்பது பொருள். ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. ‘மஹா’வைவிட ‘மிகிலு’ அன்றோ ஐஸ்லாந்துச் சொல்லுக்கு நெருங்கியது?” மிக நல்ல வினா. முகத்தை மட்டும் பார்த்தால் அவ்வாறே தோன்றும். பொல்பிட்டியவின் ‘பொல்’ என்பதும் அவ்வாறே தோன்றியது.

இவ்வினாவுக்கு விடை காண, இரு சொற்களையும் தத்தம் வீட்டில் வைத்து நோக்குதல் வேண்டும். தமிழில் மிகு, மிகை, மிஞ்சு, மிச்சம் என்பன ஒரு குடும்பம். அளவுக்கு மேற்படுதல், எஞ்சுதல் என்பன அவற்றின் அடிப்படைப் பொருள். தெலுங்கில் ‘மிகுலு’ என்றால் எஞ்சுதல். இவையனைத்தும் திராவிட மொழிகளின் உள்ளேயே விளக்கம் பெறுகின்றன. ஐஸ்லாந்தின் ‘மிகில்’ என்பதோ ‘மிக்’ என்னும் அடியோடு ‘இல்’ என்னும் ஈறு சேர்ந்தது. அவ்வடியின் ககரம் முற்காலத்தில் மெல்லிய ககரமாயிருந்து, அவ்வினத்துக்குரிய விதியால் வன்மை பெற்றது. காலத்திற் பின்னோக்கிச் செல்லச் செல்ல ‘மிகில்’ என்பது ‘மெகாஸ்’ என்பதை நெருங்குகின்றது. மேலும், இரண்டும் உறவாயின் ஒரு சொல்லோடு உறவு நின்றுவிடாது. நான் என்னும் சொல்லிலும் வயல் என்னும் சொல்லிலும் பத்து என்னும் எண்ணிலும் அதே ஒலியொழுங்கு தோன்றுதல் வேண்டும். ‘எக்’ என்பதற்கும் நான் என்பதற்கும், வயலைக் குறிக்கும் ஐஸ்லாந்துச் சொல்லாகிய ‘ஆகுர்’ என்பதற்கும் வயல் என்பதற்கும் எவ்வித ஒழுங்கும் இல்லை. ஆகவே ‘மிகிலு’, ‘மிகில்’ என்னும் ஒப்புமை தற்செயலே. ஆயிரக்கணக்கான சொற்களையுடைய இரு மொழிகளில் இத்தகைய ஒப்புமை சில தோன்றாதிருப்பதே வியப்பு.

இம்முடிபு சிலருக்கு மனக்குறையைத் தரலாம். உலகமொழிகள் யாவும் தமிழிலிருந்து பிறந்தன எனக் கேட்க விரும்புவோர், ‘மிகில்’ என்பதைக் கண்டவுடன் மகிழ்வர். அதை இழக்க வருந்துவர். ஆனால் போலிச் சுற்றத்தை இழப்பது இழப்பன்று. ‘ஹிரிய’ என்பதைப் போன்ற உண்மைச் சுற்றம், முகம் மாறி எதிரே வந்து நிற்கும்போது அதனை அறியாமற் போவதே இழப்பு. ஒலியொப்புமையால் உறவு கொண்டாடுபவரும், ஒலிவேற்றுமையால் உறவை மறுப்பவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்.

சொற்களின் வாழ்விலும் ஏற்றத்தாழ்வு உண்டு. கன்னடத்தில் உருவத்தாற் பெரியதை இன்று ‘தொட்ட’ என்பர். ‘ஹிரிய’ என்பது வயதாலும் தகுதியாலும் பெரியோரைக் குறிப்பதாக ஒதுங்கிற்று. ஐஸ்லாந்திலும் உருவத்தாற் பெரியதை ‘ஸ்தோர்’ என்னும் வேறு சொல் குறிக்க, ‘மிகில்’ மிகுதியையும் மேன்மையையும் குறிப்பதாயிற்று. ஆங்கிலத்தின் ‘மச்’ அளவை மட்டுமே குறிக்கும் நிலைக்குச் சுருங்கிற்று. தமிழின் ‘பெரிய’ என்பதோ மலையையும் மரத்தையும் மனிதரையும் வயதையும் பதவியையும் ஒருங்கே குறிக்கும் பழைய அகலத்தை இழக்கவில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்டு, லயத்தின் சிறு அறையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களும் அவ்வகலத்தைக் காத்தனர்.

இச்செய்தி வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தோட்டத்துத் தமிழ் கலப்புத் தமிழ் என்றும் கெட்ட தமிழ் என்றும் நகைத்தவர் பலர். பெரட்டு என்னும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மொழி முழுவதையும் இகழ்ந்தனர். பெரியம்மா என்று ஒரு குழந்தை அழைக்கும்போது, சங்கப் புலவர் நாவில் வழங்கிய அடிச்சொல்லே அங்கே ஒலிக்கின்றது என்பதை அவர்கள் எண்ணவில்லை. மக்களுக்கும் அவ்வாறே நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்பதற்குச் சான்று கேட்டது. அத்தகைய பத்திரங்கள் இல்லாத இலட்சக்கணக்கான தோட்டத் தமிழர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974ஆம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமை அளித்து அக்குறையை நீக்கிற்று. பாட்டனின் பிறப்புக்குப் பத்திரம் காட்ட இயலாதிருந்த அம்மக்கள், பாட்டனின் பாட்டனுக்கும் முற்பட்ட சொல்லை நாவிலே சுமந்து நின்றனர்.

அந்த ஒப்பந்தத்தின்படி கப்பலேறியவருட் பலர் நீலகிரியிலுள்ள தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்ந்தனர். தமிழகமும் கேரளமும் கருநாடகமும் சந்திக்கும் கூடலூர்ப் பகுதியிலும் அவர்கள் வாழ்கின்றனர். அங்கே மலையாளமும் கன்னடமும் தமிழோடு கலந்து ஒலிக்கின்றன. மலைநாட்டிலிருந்து சென்ற முதியவர் ஒருவரைக் கன்னடத்தார் ஒருவர் ‘ஹிரியரு’ என மதித்துச் சொன்னால், அச்சொல் அவருக்குப் புதிதாகத் தோன்றும். உண்மையில் அது அவருடைய ‘பெரியவர்’ என்னும் சொல்லே. பலநூறு ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரு உறவினர் அங்கே எதிர்ப்படுகின்றனர். ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள, பகரம் ஹகரமானது என்னும் சிறு செய்தி ஒன்றே வேண்டியிருக்கின்றது.

பொல்பிட்டியவில் இரு ஓயாக்கள் கூடி ஒரு பெயரைப் பெறுகின்றன. மொழிகளோ ஒரு பெயரிலிருந்து பிரிந்து பல பெயர்களைப் பெறுகின்றன. ஆற்றின் மூலத்தை அறிய விரும்புவோர் நீரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. கரையைப் பற்றிக்கொண்டு மேல்நோக்கி நடக்கின்றனர். சொல்லின் மூலத்தை அறிய விரும்புவோருக்கும் அதுவே வழி. அவ்வாறு நடந்து செல்வோருக்குப் ‘பெரிய’ என்னும் எளிய சொல், பெத்தாபுரத்திலும் ஹிரியூரிலும் பெரியாற்றங்கரையிலும் தன் சுற்றத்தைக் காட்டும். ஐஸ்லாந்தின் ‘மிகில்’ என்பதோ, தன் உடன்பிறப்பு மகாவலியின் பெயரில் இருப்பதைச் சொல்லி விடைபெறும்.